கையெழுத்துப் போடுமுன் படிக்கக் கற்போம்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், இரயில்வே எழுத்தரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



இன்று பெரிய அரசியல் பேச வரவில்லை. கைப்பேசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கைப்பேசியில் என்ன அரசியல் என்று கேட்பீர்கள். இருக்கிறது. பேச்சு முடிவதற்குள் ஒப்புக்கொள்வீர்கள்.

முதலில் நம்மிடையே நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நம் பகுதியில் இட்லி அவித்து விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றும் ஒரு தாய். பெயர் வேண்டாம், உங்களில் பலருக்குத் தெரிந்தவர்தாம். ஒருநாள் காலையில், வியாபார நேரம் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். கையில் அச்சடித்த தாள். "ரேசன் கார்டு விசயமா ஒரு சஹி போடுங்க, மௌசி" என்று இந்தியில் சொன்னார்கள். அடுப்பில் இட்லிச் சட்டி, வாசலில் ஆள் கூட்டம். போட்டுக் கொடுத்துவிட்டார். எட்டாவது நாள்தான் தெரிந்தது, அது ரேசன் தாள் அல்லவென்று. தான் குடியிருக்கும் கோலியைக் காலி செய்து கொடுக்கச் சம்மதிப்பதாக ஒரு கட்டடக்காரருக்கு எழுதிக் கொடுத்த தாள் அது.

அந்தத் தாளின் தலைப்பில் கொட்டை எழுத்தில் என்ன அச்சடித்திருந்தது தெரியுமா? 'சம்மதிபத்ர' என்று இருந்தது. சம்மதி! இதற்கு அகராதி வேண்டுமா? நம் பாட்டி பேசும் சொல் அன்றோ! அந்தத் தாய்க்குச் சொல் தெரியும். அந்தச் சொல்லை எழுதியிருந்த எழுத்துத்தான் தெரியாது. முப்பது ஆண்டுகள் இந்த ஊரில் உழைத்தவர் அவர். இந்தி பேசுவார், சந்தையில் மராத்தியும் பேசுவார். எழுத்தைப் படிக்க அவருக்கு யாரும் கற்றுக் கொடுத்ததில்லை; கற்க நேரமும் இருந்ததில்லை.

அடுத்த கோலியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அந்தத் தாளின் நகலைப் படித்துச் சொன்ன பிறகுதான் நம் சங்கத்துக்கே விசயம் தெரிந்தது. மராத்தியில் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை அந்தத் தாய்க்குத் தூக்கம் இல்லை.

தோழர்களே! இது ஒருவர் வீட்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். வார்டு ஆபீசில், காவல் நிலையத்தில், பிள்ளையின் பள்ளியில், மருத்துவமனையில் நாம் எத்தனை தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்? இந்த மாநிலத்தின் அலுவல் மொழி மராத்தி. அதற்கு 1964-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. தமிழ்நாட்டில் தமிழுக்கு நாம் கேட்கும் அதே உரிமை. ஆகவே தாள் மராத்தியில்தான் வரும். படிக்கத் தெரியாதவன் எப்போதும் இன்னொருவன் வாயைப் பார்த்துத்தான் நிற்கவேண்டும். அந்த வாய் நல்ல வாயா, தரகன் வாயா என்பது அவனவன் தலையெழுத்து.

அந்தத் தலையெழுத்தை மாற்ற இன்று ஒரு கருவி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நெட் விலை சரிந்தது. இன்று நம் சாலில் அடுப்பு ஒன்று இருக்கும் வீட்டில் கைப்பேசி இரண்டு இருக்கிறது. அதில் என்ன பார்க்கிறோம்? சினிமாப் பாட்டு, சமையல், சண்டை. பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உழைத்து வந்த உடம்புக்கு அதுவும் வேண்டும். ஆனால் அதே கைப்பேசியில் ஒரு காசு கொடுக்காமல் மொழி கற்கலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரிந்தவரை சொல்கிறோம். டுவோலிங்கோ என்று ஒன்று. குவாத்தமாலா நாட்டில் பிறந்த லூயிஸ் வான் ஆன் என்பவரும் அவர் மாணவரும் சேர்ந்து தொடங்கி, 2012-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஏழை நாட்டில் பணமுள்ளவன் மட்டுமே ஆங்கிலம் கற்று முன்னேறுவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அதில் இந்திப் பாடம் 2018-இல் வந்தது. ஆனால் அது ஆங்கிலம் தெரிந்தவருக்கு இந்தி சொல்லிக் கொடுக்கும் பாடம் என்பதை நினைவில் வையுங்கள். ஆங்கிலம் தெரியாத தாய்க்கு அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

அடுத்தது பாசா சங்கம். மத்திய கல்வி அமைச்சகத்தின் செயலி. 2021-இல் வந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அன்றாடம் பேசும் நூறு வாக்கியங்களைச் சொல்லித் தருகிறது. மராத்தியும் உண்டு, தமிழும் உண்டு. அடுத்தது பாரதவாணி. மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2016-இல் தொடங்கியது. அகராதிகள் ஏராளம், எல்லாம் இலவசம். பிறகு கூகுள் மொழிபெயர்ப்பு. 2011-இல் தமிழும் 2013-இல் மராத்தியும் அதில் சேர்ந்தன. தாளுக்கு நேராகக் கேமராவைப் பிடித்தால் அச்செழுத்தைத் தமிழில் மாற்றிக் காட்டுகிறது.

இவை எப்படி வேலை செய்கின்றன? மந்திரம் ஒன்றுமில்லை. செருமானிய அறிஞர் எபிங்காஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதி வைத்தார்: படித்தது முதலில் வேகமாக மறக்கும், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் நிற்கும். நல்ல செயலிகள் செய்வதெல்லாம் இதுதான். இன்று ஐந்து சொல் கொடுக்கும். நாளை அதில் நீங்கள் தப்பாகச் சொன்ன இரண்டை மறுபடி கேட்கும். நான்கு நாள் கழித்து எதிர்பாராமல் இன்னொரு முறை கேட்கும். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் செய்ததும் இதுவே. ஒரு வித்தியாசம் உண்டு. இது பிரம்பு எடுக்காது. தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஐம்பது வயதில் பிள்ளைகள் முன்னால் 'அ, ஆ' எழுத வெட்கப்படும் நம் தாய்மார்களுக்கு இது சின்ன விசயமன்று.

நல்லதைச் சொன்னோம். குறையை மறைத்தால் நாம் விளம்பரக்காரர்கள் ஆகிவிடுவோம். குறையையும் கேளுங்கள்.

நம் சங்கத்தில் ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்தவர். செயலியில் இருநூறு நாள் விடாமல் இந்தி படித்தார். ஒருநாள்கூடத் தவறவில்லை. எங்களுக்கெல்லாம் பெருமை. ஒரு காரியமாக அவரை ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போனோம். சன்னலில் இருந்தவர் மராத்தியில் நாலு வார்த்தை வேகமாகக் கேட்டார். அண்ணாச்சி திகைத்து நின்றார். வெளியே வந்து சொன்னார்: "தம்பி, பையன் ஆப்பிள் தின்னுதான், குதிரை தண்ணி குடிக்குதுன்னு எல்லாம் எனக்கு வரும். இவன் ஆப்பிளையும் கேக்கல, குதிரையையும் கேக்கல." எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் யோசித்தோம்.

செயலி கற்றுத் தருவது யாரோ ஒருவருக்கான பொதுமொழி. நமக்கு வேண்டியது நம் வேலைக்கான மொழி. 'அர்ஜ்' என்றால் விண்ணப்பம், 'தாகலா' என்றால் சான்றிதழ், 'பத்தா' என்றால் விலாசம், 'ஹமீபத்ர' என்றால் உறுதிமொழித் தாள். இந்த வரிசையில் ஐம்பது சொல் தெரிந்தால் வார்டு ஆபீசில் பாதி பயம் போய்விடும். அந்த ஐம்பதை நாமே தொகுத்தாக வேண்டும்.

இரண்டாவது குறை: மொழிபெயர்ப்புக் கருவி பிழை செய்யும். 'இல்லை' என்பதை விழுங்கிவிட்டால் பொருளே தலைகீழாகும். மளிகைச் சீட்டுக்கு அது போதும். வீட்டுப் பத்திரத்துக்குப் போதாது. கருவி காட்டியதை நம்பி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'இதில் ஏதோ விவகாரம் இருக்கிறது' என்று எச்சரிக்கை அடைய அது உதவும். அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள், சங்கத்துக்கு வாருங்கள்.

மூன்றாவது: இலவசம் என்ற சொல்லைக் கண்டு ஏமாறாதீர்கள். கம்பெனிக்காரன் விளம்பரத்திலும், பணம் கட்டச் சொல்லி நச்சரிப்பதிலும் சம்பாதிக்கிறான். அது போகட்டும். மொழி சொல்லித் தருகிறேன் என்று ஆதார் எண் கேட்டாலும், ஓ.டி.பி. கேட்டாலும், வங்கி விவரம் கேட்டாலும் உடனே அழித்துவிடுங்கள். மொழி கற்க ஆதார் வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறோம். சென்ற கூட்டத்தில் ஒரு இளைஞர் எழுந்து கேட்டார்: "நாம் ஏன் மராத்தி படிக்கவேண்டும்? இது அடிபணிவது ஆகாதா?" நியாயமான கேள்வி. கோபத்துக்கும் காரணம் உண்டு. 1966-க்குப் பிறகு இந்த நகரத்தில் தென்னிந்தியர் பட்ட பாட்டை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. லுங்கிக்காரன் என்ற ஏச்சையும், உடைந்த கடைகளையும் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டு நடுவிலும், மராத்தி பேசவில்லை என்று ஒரு கடைக்காரரைக் கன்னத்தில் அறைந்த காட்சியை எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம்.

அறைந்து மொழி கற்பிக்க முடியாது. அதை எந்த மேடையிலும் சொல்வோம். ஆனால் அதே 2025-இல் இன்னொன்றும் நடந்தது. ஏப்ரல் 16-ஆம் நாள் மகாராட்டிர அரசு, முதல் வகுப்பிலிருந்தே இந்தியைக் கட்டாய மூன்றாம் மொழியாக்கி ஆணை போட்டது. மராத்தி எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கொதித்தெழுந்தார்கள். ஜூன் 17-இல் ஆணையைத் திருத்திப் பார்த்தார்கள், எதிர்ப்பு அடங்கவில்லை. ஜூன் 29-இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தோழர்களே, 1938-இலும் 1965-இலும் தமிழ்நாடு எதற்குப் போராடியதோ, அதே வலியை மராத்தியன் உணர்ந்து பேசுகிறான். அவனிடம் போய், "உன் வலி எங்களுக்குத் தெரியும்" என்று அவன் மொழியிலேயே ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். ஆயிரம் துண்டறிக்கை செய்யாததை அது செய்யும்.

திணிப்பை எதிர்ப்பது வேறு. கற்பதை வெறுப்பது வேறு. முதலாவது மானம். இரண்டாவது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு.

மராத்தி நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. தஞ்சையை 1676 முதல் ஆண்டது மராத்தியர் மரபு. தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில், 1803-இல், வெட்டிய நீண்ட மராத்திக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அவர்கள் நம் ஊருக்கு வந்து தமிழோடு கலந்து வாழ்ந்தார்கள். நாம் அவர்கள் ஊரில் வாழ்கிறோம். மொழியிலும் ஒற்றுமை உண்டு. நம் 'ள'கரம் மராத்தியில் தனி எழுத்தாகவே இருக்கிறது; இன்றைய பொது இந்தியில் அது இல்லை. இன்னொன்று கேளுங்கள். 'நாம்', 'நாங்கள்' என்று தமிழில் இரண்டு வைத்திருக்கிறோம் அல்லவா? கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்'. விலக்கினால் 'நாங்கள்'. மராத்தியிலும் அப்படியே: 'ஆபண்', 'ஆம்ஹி'. இந்திக்காரனுக்கு இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். மராத்தி கற்கும் இந்திக்காரன் இங்கே தடுமாறுவான். தமிழன் தடுமாற வேண்டியதில்லை. தொழிற்சங்கக் கூட்டத்தில் மராத்தித் தோழரிடம் 'ஆம்ஹி' என்று பேசுகிறோமா, 'ஆபண்' என்று பேசுகிறோமா என்பதைப் பொறுத்துத்தான் அவர் நம் பக்கம் திரும்புவார்.

கடினமும் உண்டு. நமக்கு ஒரே 'க', அவர்களுக்கு நான்கு. ஆனால் எழுத்து பழக நமக்குக் காசில்லாத பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. இரயில்வேக்காரர்கள் என்பதால் எங்களுக்கு அது உடனே தோன்றியது: ஸ்டேசன் பெயர்ப்பலகை! தாதர், மாட்டுங்கா, குர்லா என்று தினமும் பார்க்கும் பெயர். பெயர் உங்களுக்குத் தெரியும். எழுத்தைப் பொருத்திப் பார்ப்பது ஒன்றே வேலை. வண்டிக்குள் அறிவிப்பைக் கேளுங்கள். 'புடீல் ஸ்டேசன்' என்பது மராத்தி, 'அக்லா ஸ்டேசன்' என்பது இந்தி. அடுத்து என்ன வருகிறது என்று இரண்டு மொழியில் தினமும் பாடம் நடக்கிறது. காதைத் திறந்து வைத்தால் போதும்.

இதில் அரசாங்கத்தையும் ஒரு கேள்வி கேட்கவேண்டியிருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களான எங்களில் பலர் பிரபோத், பிரவீண், பிராக்ஞ என்ற இந்தித் தேர்வுகளை எழுதியவர்கள். தேறினால் ஊக்கத்தொகை உண்டு. அந்தப் பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகள் வழியாகவே கற்க, புனேயில் உள்ள சி-டாக் நிறுவனம் 'லீலா' என்ற பாடத்திட்டத்தை உருவாக்கி இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. பாடம் நன்றாகவே இருக்கிறது, குறை சொல்லவில்லை. எங்கள் கேள்வி இது: தமிழ் வழியாக இந்தி கற்பிக்க இத்தனை முயற்சி எடுக்கத் தெரிந்த அரசுக்கு, தமிழ்த் தொழிலாளிக்குத் தமிழ் வழியாக மராத்தியும், பீகார்த் தொழிலாளிக்கு இந்தி வழியாகத் தமிழும் அதே அளவில் கற்பிக்கத் தோன்றாதது ஏன்? புலம்பெயர்ந்த தொழிலாளிக்கு அன்றாடம் தேவைப்படுவது தான் வாழும் மண்ணின் மொழி. இதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

இன்னொரு பக்கம் நம் வீட்டுக்குள்ளே இருக்கிறது. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறார்கள். 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி மராத்தியும் கட்டாயமாகப் படிக்கிறார்கள். நல்லது. தமிழ்? ஊரிலிருந்து ஆச்சி போனில் பேசினால் பாதி புரிகிறது. ஆச்சி கடிதம் போட்டால் ஒன்றும் புரிவதில்லை. தொடக்கப்பள்ளியில் மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்யவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. 1956-இல் சேர்த்த பிரிவு அது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளைக் காப்பாற்ற அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு போராடத்தான் வேண்டும். ஆனால் பள்ளியில் பிள்ளை இல்லாமல் பள்ளிக்காகப் போராட முடியுமா?

அதற்கும் இணையத்தில் வழி உண்டு. தமிழ்நாடு அரசு 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் நடக்கிறது. எழுத்து முதல் இலக்கியம் வரை பாடங்களும், மின் நூலகமும் அதில் உண்டு. 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரவு சோற்றுக்குப் பின் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்காருங்கள். பிள்ளை உங்களுக்கு ஒரு மராத்தி எழுத்து சொல்லித் தரட்டும். நீங்கள் பிள்ளைக்கு ஒரு தமிழ் எழுத்து சொல்லிக் கொடுங்கள். கடன் தீர்ந்தது.

இனி நாம் செய்யவிருப்பது. ஏற்கனவே மூன்று மாதம் சோதித்துப் பார்த்தோம். பதினான்கு பேர் சேர்ந்தார்கள்; ஆறு பேர் நிலைத்தார்கள். எட்டுப் பேர் ஏன் நின்றார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டோம். தனியாகச் செயலியோடு உட்கார்ந்தால் சலித்துவிடுகிறது என்றார்கள். நிலைத்த ஆறு பேரும் வாரம் ஒருமுறை ஒன்றாகக் கூடியவர்கள். பாடம் புரிந்துவிட்டது: கைப்பேசி பயிற்சி கொடுக்கும், விடாமல் படிக்க வைப்பது கூட்டம். இந்த மராத்தி மண்ணில் சோதிராவ் பூலே 1855-இலேயே தொழிலாளர்களுக்கு இரவுப் பள்ளி நடத்தினார். அவர் பிறந்த மண்ணில் அந்த வழியைத்தான் நாமும் தொடருகிறோம்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் வகுப்பு. தாய்மார்களுக்கு முதல் இடம். வீட்டில் ஒரே கைப்பேசி என்றால் கவலை வேண்டாம். இருவருக்கு ஒன்று போதும். நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த ஏதாவது ஒரு மராத்தித் தாளையும் கொண்டு வாருங்கள்: மின்சார பில்லோ, பள்ளி நோட்டீசோ, எதுவானாலும் சரி. அதுதான் நம் பாடப் புத்தகம். சொல்லித் தரப்போவது யார் தெரியுமா? அந்தச் சம்மதிபத்ரத்தைப் படித்துச் சொன்ன அதே ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் அவள் தோழிகளும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எங்களைப் போன்றவர்கள் கரும்பலகையைத் துடைத்துக் கொடுப்போம்.

அந்த இட்லிக்காரத் தாயும் வருகிறார். "இனிமே தலைப்பைப் படிக்காம ஒரு தாளையும் கையில வாங்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் பேர் பட்டியலில் முதலில் இருக்கிறது. இரண்டாவது பேர் உங்களுடையதாக இருக்கட்டும்.